தம்புன் பூங்காவுக்குப் போகும் முன் சுவரில் நான்கு கோடுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவருகே சுவரில் நான்கு பென்சில் கோடுகள் இருக்கின்றன. 154, 129, 112, 88 சென்டிமீட்டர். என் மூத்த மகள், மகன், தம்பி மகள், கடைக்குட்டி. பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள் டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கோடுகளைப் போட்டுவிட வேண்டும் என்பேன். எங்கள் பிள்ளைகளின் வயது 14, 9, 6, 2. ஆனால் டிக்கெட் முகப்பைத் தாண்டிவிட்டால் வயதை யாரும் கேட்பதில்லை. உயரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட நாள் நல்ல நாளாக அமையவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தொலைவில் உள்ள ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். ஒரு சவாரிக்காக நாற்பது நிமிடம் வெயிலில் வரிசையில் நின்றோம். படியேறும் இடத்தில் இருந்த இளைஞர் என் மகன் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தார். 120 வேண்டும், அவன் 116. அந்த இளைஞர் மீது தவறில்லை. உயரம் போதாத பிள்ளையின் உடம்பில் பாதுகாப்புப் பட்டை சரியாகப் படியாது. மகன் அழுதான். அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. தன் முறை வந்துவிட்ட மூத்தவள், "எனக்கும் வேண்டாம் அம்மா, நான் தம்பியோடு இருக்கிறேன்" என்று படியிறங்கி வந்துவிட்டாள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகவே விட்டுக்கொடுத்தாள்.

நான் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் மூத்த பெண்ணாக வளர்ந்தவள். அம்மா பால்மரம் சீவியவர். விடியற்காலை இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய்விடுவார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இல்லாத நாளில் தம்பி என் இடுப்பில்தான் இருப்பான். மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு ராட்டினம் வந்தபோதும் அவன் என் இடுப்பில்தான் இருந்தான். நான் அதைக் கீழே நின்று பார்த்தேன். என் மகள் படியிறங்கி வந்த அன்று ஒரு முடிவு செய்தேன். எங்கள் வீட்டுப் பயணத் திட்டம் இனிக் கடைக்குட்டியிலிருந்து தொடங்காது, மூத்தவளிடமிருந்து தொடங்கும். கைக்குழந்தையின் தேவை எப்படியும் நம் கவனத்துக்கு வந்துவிடும். அழுதே கேட்டு வாங்கிக்கொள்வான். பொறுப்பான பெரிய பிள்ளை வாய் திறக்காது. ஆகவே அவளுடைய நேரத்தை முதலில் தாளில் எழுதிவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்கிறேன்.

உயரம் அளப்பதிலும் ஒரு முறை உண்டு. நீர்ச்சறுக்குகளில் வெறுங்காலோடுதான் அளப்பார்கள், எனவே வீட்டிலும் வெறுங்காலோடு நிறுத்துங்கள். குதிகால் சுவரைத் தொட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். தலைமேல் தடித்த புத்தகத்தைக் கிடையாக வைத்து, அதன் அடியில் கோடு போடுங்கள். கொண்டை, குதிரைவால் எல்லாம் அவிழ்த்த பிறகுதான். பிறகு பூங்காவின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு சவாரிக்கும் குறைந்தபட்ச உயரம் எவ்வளவு என்று பார்த்து ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில சவாரிகளில் உயரம் சற்றுக் குறைந்த பிள்ளை பெரியவரோடு ஏறலாம் என்று இருக்கும். மழலையர் பகுதிகளில் இதற்கு மேல் உயரம் இருக்கக் கூடாது என்ற வரம்பும் இருக்கலாம்; ஒன்பது வயதுப் பையன் அங்கே ஏமாந்து நிற்பான். அந்தத் தாளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்துவிடுங்கள். "இந்த இரண்டும் உனக்கு இந்த ஆண்டு கிடையாது, அதற்குப் பதில் இது உண்டு" என்று முன்கூட்டியே சொன்னால் பிள்ளை வீட்டிலேயே அழுது முடித்துவிடும். வரிசையின் முனையில் நின்று அழும் வேதனை இருக்காது.

எந்தப் பூங்கா என்பது அடுத்த கேள்வி. சுங்கை சிப்புட்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. பழைய சாலையில் சிம்மோர் தாண்டி ஈப்போ பக்கம் போனால், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே லாஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்புன் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு திறந்த பூங்கா. நீர்ச்சறுக்கு, அலைக்குளம், வளையத்தில் மிதந்து போகும் ஓடை, சின்னப் பிள்ளைகளுக்கான ஆழமில்லாத குளம், புலிகள், தொட்டுப் பார்க்கும் விலங்குப் பண்ணை, வெந்நீர் ஊற்று எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பல வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இப்படிக் கலவையான இடம்தான் ஏற்றது. ஒரே வகைச் சவாரி மட்டும் உள்ள இடத்தில் ஒரு பிள்ளை மகிழும்போது இன்னொன்று காத்திருக்க வேண்டியிருக்கும்.

மற்ற பூங்காக்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. பண்டார் சன்வேயில் உள்ள சன்வே லகூன் 1993இல், பழைய வெள்ளீயச் சுரங்கம் இருந்த பள்ளத்தில் உருவானது. பதின்ம வயதினருக்கு அங்கே தீனி அதிகம். கெந்திங் மலைமேல் 2022இல் திறந்த ஸ்கைவோர்ல்ட்ஸில் குளிரும் மூடுபனியும் உண்டு, எல்லோருக்கும் குளிராடை வேண்டும். ஜொகூரில் 2012இல் வந்த லெகோலாந்து தொடக்கப்பள்ளி வயதுக்கு அருமையானது, ஆனால் படிவம் இரண்டில் படிக்கும் பெண்ணுக்கு அரை நாளில் அலுத்துவிடும். பினாங்கின் தெலுக் பஹாங்கில் உள்ள எஸ்கேப் பூங்காவில் 1,111 மீட்டர் நீளக் குழாய்ச் சறுக்கு இருக்கிறது. கயிற்றில் ஏறி மரத்தில் தொங்க விரும்பும் பிள்ளைகளுக்கு அது சொர்க்கம், இரண்டு வயதுக் குழந்தைக்கு அங்கே அதிக வேலையில்லை. என் கணக்கு எளிது. ஐந்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தால், ஒரு வழிப் பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் பூங்காவுக்கு ஒரே நாளில் போய்வர முயலாதீர்கள். ஓர் இரவு தங்குங்கள், இல்லையென்றால் பக்கத்தில் உள்ளதற்குப் போங்கள்.

நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டுமல்ல. தம்புன் பூங்கா வழக்கமான வாரங்களில் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். பள்ளி விடுமுறையிலும் பொது விடுமுறையிலும் திறந்திருக்கும். வேலை நாள்களில் காலை 11 மணிக்குத்தான் திறப்பார்கள். நேரங்கள் மாறக்கூடும், ஆகவே போவதற்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளி நிர்வாகம் கொடுக்கும் பதில் விடுமுறை திங்கட்கிழமையில் விழுந்தால் அதைத் தவறவிடாதீர்கள். மற்றப் பள்ளிகள் அன்று நடந்துகொண்டிருக்கும். கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதையும் மனத்தில் வையுங்கள். எஸ்கேப் பூங்காவுக்குப் போவதாக இருந்தால், கெடா பக்கத்துக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமையும் வந்திருப்பார்கள்.

டிக்கெட் வாங்கும்போது பிறப்பிதழ் தேடி அலமாரியைக் கவிழ்க்க வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மைகிட் அடையாள அட்டை இருக்கிறது, மூத்தவளுக்கு மைகார்டு இருக்கிறது. மலேசியக் குடிமக்களுக்குப் பல பூங்காக்களில் தனிக் கட்டணம் உண்டு, அதற்கு இவை போதும். தம்புனில் 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கட்டணமில்லை. லெகோலாந்தில் கட்டணத்துக்கு உயரம் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கிறார்கள். எங்கள் கடைக்குட்டி 88. இன்னும் சில மாதங்களில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவான், இந்த விடுமுறையிலேயே போய்விடலாம் என்று கணவர் சொன்னதும் அதனால்தான்.

உடை விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். நம் வீடுகளில் பழைய பருத்திச் சட்டையும் அரைக்காற்சட்டையும் போட்டு ஆற்றில் குளித்துப் பழகியவர்கள் நாம். நீர்ப்பூங்காவில் அது செல்லாது. பருத்தி நீரை உறிஞ்சிக் கனக்கும். ஜீன்ஸின் பொத்தானும் ஜிப்பும் சறுக்கைக் கீறும். நீச்சல் துணியில் தைத்த உடைதான் கேட்பார்கள். சந்தையில் முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால்வரை உள்ள காற்சட்டையும் மலிவாகக் கிடைக்கின்றன, அம்மாமாரும் கூச்சமின்றி அணியலாம். வெயிலும் தோலைச் சுடாது. கைக்குழந்தைக்கு நீச்சலுக்கென்று உள்ள டயாப்பரை வாங்குங்கள். சாதாரண டயாப்பர் நீரில் பத்து நிமிடத்தில் தலையணை அளவுக்கு ஊதிவிடும். வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை காலைச் சுடும் என்பதால் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வேண்டும். வெயில் தடுப்புக் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள்.

பெரிய பெண் பிள்ளை உள்ள வீட்டில் இன்னொன்றும் உண்டு. தேதி குறிக்கும் முன் அவளிடம் தனியாக மாதவிலக்கு நாளைக் கேட்டுவிடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் அல்ல, தந்தையின் முன்னிலையிலும் அல்ல. நாள் மாறி வந்துவிட்டாலும் பரவாயில்லை என்று, பையில் அவளுக்கு வேண்டியதைச் சொல்லாமல் வைத்துவிடுங்கள். என் காலத்தில் இதைக் கேட்க ஆளில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வெளி உணவைப் பெரும்பாலான பூங்காக்கள் உள்ளே விடுவதில்லை. கைக்குழந்தையின் பால், கஞ்சிக்கு மட்டும் விலக்குக் கொடுப்பார்கள். எங்கள் வழி இதுதான். காலை ஒன்பது மணிக்கு வீட்டிலேயே வயிறு நிறையப் பசியாறிவிடுவோம். அன்று தோசையும் கட்டிச் சட்னியும், அல்லது கடையில் வாங்கிய தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக். கார ஊறுகாயைப் பிள்ளைகளுக்கு அன்று கொடுப்பதில்லை, தாகம் எடுக்கும். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டி, எங்கள் வேனுக்குள் நிழலான இடத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்போம். கை முத்திரையோடு வெளியே போய்த் திரும்ப வர முடியுமா என்று நுழைவாயிலிலேயே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் உள்ளே ஒரு வேளை வாங்கித்தான் ஆக வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். உள்ளே வாங்குவதாக இருந்தால் பதினொன்றே முக்காலுக்கோ இரண்டு மணிக்கோ சாப்பிடுங்கள். ஒரு மணிக்கு எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

இப்போது நாளின் ஓட்டத்துக்கு வருவோம். நாங்கள் ஏழு பேர்: கணவர், நான், 71 வயது அம்மா, நான்கு பிள்ளைகள். பத்தரைக்கெல்லாம் வாசலில் நிற்போம். உள்ளே போனவுடன் பிரிந்துவிடுவோம். ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்ற ஆசையைக் காலையில் விட்டுவிடுங்கள், மாலையில் வைத்துக்கொள்ளலாம். முதல் ஒரு மணி நேரம்தான் பெரிய சறுக்குகளில் வரிசை குறைவு. அந்த நேரத்தை மூத்தவளுக்கும் மகனுக்கும் கொடுத்துவிடுகிறோம். கணவர் அவர்களோடு போவார். நானும் அம்மாவும் சின்னவர்கள் இருவரோடு ஆழமில்லாத குளத்துக்குப் போவோம். காலையில் அங்கே நிழல் இருக்கும், நீரும் அவ்வளவாகக் கலங்கியிராது. 129 சென்டிமீட்டர் மகனுக்கு அனுமதி இல்லாத சவாரி வந்தால், அதை மூத்தவள் தனியாக ஏறுவாள். அவன் கீழே தந்தையோடு நின்று அவளுக்குக் கையசைக்க வேண்டும். இதை வீட்டிலேயே பேசி வைத்துவிட்டோம். அவளுக்காக அவன் காத்திருப்பதும் அவன் கற்க வேண்டியதுதான்.

பன்னிரண்டு மணிக்கு ஓரிடத்தில் சேருவோம். பிறகு ஓடையில் வளையத்தில் மிதப்பதும், புலிகளைப் பார்ப்பதும் எல்லா வயதுக்கும் பொது. விலங்குகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்தை வாசலிலேயே கேட்டுக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். தம்பி மகளுக்கு அதுதான் நாளின் உச்சம். ஆறு வயது ஒரு இக்கட்டான வயது. பெரிய சறுக்குக்கு உயரம் போதாது, குட்டிக் குளமோ சீக்கிரம் அலுத்துவிடும். அந்த வயதுக்கு ஏதாவது ஒன்றைப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள்: முயலுக்குத் தீனி கொடுப்பது, ஈயம் அலம்புவது. தம்புனில் பழைய வெள்ளீயச் சுரங்கத்தை நினைவுபடுத்தும் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே துலாங் என்ற அகன்ற மரத் தட்டில் மணலை நீரோடு சுழற்றி ஈயமணலைப் பிரித்துப் பார்க்கலாம். ஈயமணல் சாதாரண மணலைவிடக் கனமானது; சுழற்றும்போது லேசான மணல் நீரோடு வழிந்துவிடும், கறுத்த மணல் அடியில் தங்கும். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கு வளர்ந்ததே இந்தக் கறுத்த மணலால்தான். அங்கே என் அம்மா துலாங்கைக் கையில் வாங்கிப் பேத்திக்குச் சுழற்றிக் காட்டினார். முறத்தில் அரிசி புடைத்த கைக்கு அது கடினமாக இல்லை. அந்த அரைமணி நேரம் தம்பி மகள், "அத்தை, இங்கே பாருங்கள்" என்று என்னை அழைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்றரை மணிக்குக் கடைக்குட்டி தள்ளுவண்டியில் தூங்குவான். அவன் தூங்காவிட்டாலும் அந்த நேரம் ஓய்வுதான். தள்ளுவண்டி இல்லாமல் போகாதீர்கள். நடக்கத் தெரிந்த பிள்ளை என்று விட்டுவிட்டுப் போனால் மதியத்துக்கு மேல் அவன் உங்கள் தோளில்தான் இருப்பான், அல்லது மூத்தவளின் தோளில். அம்மா நிழலில் அவனருகே உட்கார்ந்திருப்பார். அந்த ஒன்றரை மணி நேரம் மூத்தவளுக்கு மட்டும். நான் அவளோடு போகிறேன். அவள் கையில் 20 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துவிடுவேன், என்ன வாங்கினாய் என்று கேட்பதில்லை. எந்தச் சறுக்கு, எத்தனை முறை, ஏறாமல் சும்மா உட்கார்ந்திருப்பதா, எல்லாம் அவள் முடிவு. போன முறை அவள் ஒரே சறுக்கில் ஐந்து முறை ஏறினாள். ஐந்தாவது முறை, "அம்மா, நீங்களும் வாருங்கள்" என்றாள். நாற்பத்து மூன்று வயதில் நான் முதன்முதலாகச் சறுக்கினேன்.

பிற்பகல் மழையைக் கணக்கில் வையுங்கள். பேராக்கில் ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை வழக்கம். இடி கேட்டால் எல்லோரையும் நீரிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரமாவது நீரில் இறங்கக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி. ஆகவே பிள்ளைகள் மிகவும் ஆசைப்படுவதை மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். விலங்குகளையும் கடைகளையும் மழை நின்ற பிறகுகூடப் பார்க்கலாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மூழ்கும் குழந்தை சத்தம் போடும், கையைத் தட்டும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அது ஓசையில்லாமல் நடக்கும், முழங்காலளவு நீரிலும் நடக்கும். உயிர்காப்பாளர் இருக்கிறார் என்று நீங்கள் தொலைபேசியைப் பார்க்காதீர்கள்; அவர் நூறு பிள்ளைகளைப் பார்க்கிறார், நீங்கள் ஒன்றைப் பார்க்கிறீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். கைகளில் மாட்டும் காற்றுப் பைகளை நம்பாதீர்கள், சரியான அளவில் உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள். யார் யாரைப் பார்ப்பது என்பதை வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்றுங்கள். "கடைக்குட்டி இப்போது உங்களிடம்" என்று நான் சொல்ல வேண்டும், "என்னிடம்" என்று கணவர் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் பார்க்கிறோம் என்று இருக்கும் இடத்தில்தான் யாரும் பார்க்காமல் விடுகிறோம். இந்தப் பழக்கத்தை அம்மாதான் கொண்டுவந்தார். பால் வெட்டுவதை விட்டபின் அவர் சில ஆண்டுகள் ஆயாக்கொட்டகையில் இருந்தார். தொட்டில் பிள்ளையை இன்னொரு ஆயாவிடம் கொடுக்கும்போது பெயர் சொல்லித்தான் கொடுப்பார்களாம். இந்தக் கைமாற்றில் மூத்தவளின் பெயர் வரவே கூடாது. பதினான்கு வயதுப் பிள்ளை குளத்தில் இன்னொரு பிள்ளையின் உயிருக்குப் பொறுப்பாக இருக்க முடியாது.

பிள்ளை காணாமல் போனால் தேட எளிதாக எல்லோருக்கும் ஒரே பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். ஆரஞ்சு நல்லது, நீல நிறம் குளத்து நீரில் தெரியாது. காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், அன்று என்ன உடை என்று பதற்றத்தில் மறந்துவிடும். உங்கள் எண்ணை அழியாத மையில் கைக்குழந்தையின் முன்கையில் எழுதுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சீருடைப் பணியாளரை அடையாளம் காட்டி, "வழி தெரியாவிட்டால் சுற்றித் திரியாதே, இவர்களிடம் போய் நில்" என்று சொல்லுங்கள்.

மாலையில் வெந்நீர் ஊற்றுப் பகுதி உண்டு. அம்மாவின் முழங்காலுக்கு அது மருந்து. அவர் காலை நனைத்தபடி உட்கார்ந்திருக்கும் அந்த முகத்துக்காகவே மறுபடியும் போகலாம். ஆனால் குட்டிப் பிள்ளைகளை வெந்நீரில் உட்கார வைக்காதீர்கள், அவர்கள் உடல் சீக்கிரம் சூடேறிவிடும். இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். நாங்கள் இரண்டு அணியாகிறோம்: ஒருவர் அம்மாவோடு, மற்றவர் பிள்ளைகளைக் குளிக்க வைத்து உலர்ந்த உடை மாற்றி வேனுக்கு அழைத்துப் போவார்.

உலர்ந்த உடைகளைப் பிள்ளைக்கு ஒரு பையாகக் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள். எல்லாம் ஒரே பையில் இருந்தால் ஆறு மணிக்கு ஈரத்தோடு நான்கு பேர் அதைக் கிளறுவார்கள். குழந்தை இருக்கையில் கடைக்குட்டியின் பட்டையைச் சோம்பல் இல்லாமல் மாட்டுங்கள். களைப்பான மாலையில்தான் அதை விட்டுவிடத் தோன்றும். சிம்மோர் வருவதற்குள் மூவர் தூங்கிவிடுவார்கள். மூத்தவள் முன்னிருக்கையில் உட்கார்ந்திருப்பாள். அன்று எடுத்த படங்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவாள், தடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நீச்சல் உடைகளைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் போட்டுவிடுங்கள். குளத்து நீரின் குளோரின் அலசாமல் தங்கினால் நாளடைவில் துணியின் இழுவை போய்விடும். கோடுகளின் பக்கத்தில் தேதி எழுதுங்கள். எங்கள் மகனுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் வேண்டும். தாளில் அவனுக்கென்று அடிக்கோடிட்ட சவாரிக்கு 130.